தொட்டது: ஆம்

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் அந்தக் குறிப்பேட்டைச் செருகினாள் மகள். காலை ஆறு மணிக்கு நின்ற மூச்சு. மதியம் தாண்டிவிட்டதால் விரல்கள் விறைத்துப்போய் லேசில் வழிவிடவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். குறிப்பேடு நெஞ்சின் மேல் படிந்தது, அதன் மேல் கை. இனி அது வேண்டுமென்றால் தம்பி அந்தக் கையைத் தொட்டுத்தான் எடுத்தாக வேண்டும். தொடட்டும். செத்த பிறகாவது தொடட்டும்.

இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன தம்பி மூன்று இருபதுக்கு வந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டாள். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்திய பழக்கம். மூக்கும் வாயும் மூடிய முகக்கவசத்தோடு அறை வாசலிலேயே நின்றான். அவன் வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளித்தான்.

சின்ன வயதில் அவனுக்கு வாய்ப்பாடு என்று பட்டப்பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பிப்பான். இப்போது காய்ச்சல் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற பெரிய ஆள். ஒரு கோடு வரைந்து, அது மலை மாதிரி ஏறி இறங்குவதை டிவியில் காட்டுவான். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் காய்ச்சல் அடங்கிவிடுமாம். அதனால் முதியவர் இருக்கும் வீட்டுக்குள் ஒரே ஒருவர்தான் போய்வர வேண்டும் என்று ஐந்து மாதம் முன்பு சொன்னான். இந்த வீட்டில் அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

காய்ச்சல் அடங்கி இரண்டு மாதம் ஆகிறது. கடை திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, சினிமா தியேட்டர்கூடத் திறந்தது. வாய்ப்பாடு மட்டும் வரவில்லை. கேட்டால், "அடுத்த அலை வரலாம்க்கா" என்பான். அப்பாவுக்கு இருந்தது இதயக் கோளாறு. அது அலையலையாக வருவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தான் வருவதற்குப் பதிலாக அவன் அனுப்பியது இந்தக் குறிப்பேடு. யார் யாரை எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கணக்குச் சரியாக வருமாம். எழுபது தாண்டிய ஐம்பது பேர் தேவைப்பட்டார்களாம், ஒருவர் குறைந்தாராம். தபாலில்தான் அனுப்பினான், ஒரு பென்சிலோடு. பதினான்கு நாள், நாளுக்கு ஒரு பக்கம். வந்தவர் யார், வயது என்ன, எத்தனை நிமிடம், தொட்டது: ஆம், இல்லை.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எண்ணச் சொன்னால் கேட்க வேண்டுமா? பென்சிலைப் பழையபடி காதில் செருகிக்கொண்டார். பரீட்சையில் நல்லாப் படிக்கிற பையன் மாதிரி, அவளுக்குத் தெரியாமல் கையால் மறைத்து மறைத்து எழுதினார். "அவன் வந்தா அவன் கையிலயே குடு. நீ படிக்காத" என்றார். அவள் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற கை அல்ல அது.

"கஷ்டப்பட்டாராக்கா?" வாய்ப்பாட்டின் கண் சிவந்துதான் இருந்தது.

"வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அது கஷ்டம்னா, பட்டாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "அந்தக் குறிப்பேடு..." என்றான்.

வந்து முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அவர் கையிலதான் இருக்கு. எடுத்துக்கோ."

அவன் கட்டிலருகே வந்தான். நின்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து கையுறைகளை எடுத்து, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவின் கையை இரண்டு விரலால் தூக்கி, குறிப்பேட்டை உருவினான். காலையிலிருந்து அவள் போட்டிருந்த திட்டம் ஒரு மெல்லிய ரப்பரிடம் தோற்றுப்போனது. சீ என்றிருந்தது அவளுக்கு.

முதல் பக்கத்தைப் பார்த்தவன் அடுத்ததைப் புரட்டினான். அதற்கடுத்ததையும்.

"அக்கா, நான் எப்ப வந்தேன்?"

"என்னையா கேக்கற?"

அவன் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். மகன், வயது நாற்பத்தாறு, முப்பது நிமிடம், தொட்டது: ஆம். மறுநாளும் அதேதான். எழுத்து மட்டும் நாளுக்கு நாள் கோணிக்கொண்டு போயிற்று. வேலை பார்த்த காலத்தில் ஒரு டிக்கெட்கூடத் தப்பாகக் கிழிக்காத மனுஷன்!

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. புரட்டிப் புரட்டித் தேடினாள். மகள் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. திருப்பிப் படுக்கவைத்தவள், துடைத்தவள், ஊட்டியவள், ராத்திரி கால் பிடித்துவிட்டவள், எவளுமே இல்லை.

"இதுல நான் இல்லியேடா."

"வயசானவங்க இப்படித்தான் எழுதுவாங்கக்கா. கூடவே இருக்கறவங்களை வந்தவங்கன்னு நினைக்க மாட்டாங்க. எங்களுக்கு அது முன்னாடியே தெரியும். கடைசியில ஒரு திருத்த எண் வெச்சுப் பெருக்கிடுவோம்."

"எனக்கு எவ்வளவு?"

"என்னது?"

"அந்த எண்ணு."

அவன் தயங்கினான். "ஒண்ணு புள்ளி மூணு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்து மாதத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வாய்ப்பாடு குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "வராத ஆள் கணக்குல இருக்கக் கூடாது" என்று யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்து, அதனுள் செருகியிருந்த அப்பாவின் பென்சிலால் ஒவ்வொரு பக்கமாக அடித்துக்கொண்டே போனான். பெற்ற தகப்பனின் ஆசையைப் பிழை திருத்துகிறவனை அன்றுதான் அவள் முதல்முறையாகப் பார்த்தாள். பதின்மூன்று பக்கம் அடித்தாயிற்று. பதினான்காவதில் பென்சில் நின்றது.

"இது இன்னைக்குத் தேதி."

கை ஆடுறதுக்குள்ள எழுதி முடிச்சிடறேன் என்று மூன்று நாள் முன்பு அப்பா சொன்னது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நாள் வருவதற்கு முன்பே அவர் எழுதி வைத்துவிட்டார். மகன். முப்பது நிமிடம். தொட்டது: ஆம்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "தூக்கலாமாம்மா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தொன்பது. தம்பி வந்து பத்தொன்பது நிமிடம்.

"பதினோரு நிமிஷம் இருங்க."

"அடுத்த வீட்டுக்குப் போகணும்மா..."

"பதினோரே நிமிஷம்."

தம்பியின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்து, கட்டிலை ஒட்டிப் போட்டாள்.

"கழட்டு."

"அக்கா..."

"கழட்டுடா. பதிமூணு நாள் அவர் பொய் சொன்னாரு. இன்னைக்கும் அவரைப் பொய்யராக்கி அனுப்பாத."

வாய்ப்பாடு கையுறைகளைக் கழற்றினான். உட்கார்ந்தான். கை அப்பாவின் நெற்றியில் இறங்கியது. அந்தக் குளிர்ச்சியில் ஒருமுறை விதிர்த்தது, ஆனால் விலகவில்லை.

அவள் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். மகன் என்ற வரிக்குக் கீழே எட்டு வரி காலியாக இருந்தது. பென்சில் அவள் கையில்தான் இருந்தது. குறிப்பேட்டை மூடித் தம்பியின் மடியில் வைத்தாள். பென்சிலை அப்பாவின் காதில், எப்போதும் இருக்கும் இடத்தில், செருகினாள். பிறகு குனிந்து, கீழே கிடந்த கையுறைகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மூன்று ஐம்பதுக்கு வாசல் பக்கம் திரும்பி, "இப்ப வாங்க" என்றாள்.