கிட்டுவின் எண்

கிட்டு இறந்த மூன்றாம் மாதம், 1988 ஆனியில் சாரல் தொடங்கிய வாரத்தில், அவருடைய இருமல் கடையத்துப் பாலம்மாளுக்கு வந்து சேர்ந்தது. தென்காசி நூல் ஆலையில் அன்று அதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது பஞ்சு விலைதான். கிட்டு, ஆலையில் வருஷக்கணக்காகக் கைக்கணக்கு எழுதி, கம்ப்யூட்டர் வந்ததும் ஒரே மாதத்தில் அதையும் பழக்கிக்கொண்டவர். மூக்குப்பொடி போடுவார். பேச மாட்டார், பேச வேண்டிய இடத்தில் மூன்று தரம் இருமுவார். அவர் நாற்காலிக்கு பி.எஸ்ஸி. கணக்குப் படித்த பாலம்மாளை எடுத்தார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே அந்த மூன்று இருமலும் அவள் தொண்டையில் வரிசை மாறாமல் ஏறின. மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

யூனிக்ஸ் என்கிற முறையில் ஓடிய அந்த யந்திரத்தில் ஆளுக்கொரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, தன் கோப்புகளை வைத்துக்கொள்ளத் தனியாக ஓர் இடம் உண்டு. பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் அவரவர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பாலம்மாளிடம் மட்டும், உன் இடத்துக்குள் உன்னை விட முடியாது என்று ஒரு வரி காட்டி, எல்லாருக்கும் பொதுவான தலைவாசலிலேயே நிறுத்திவிட்டது. அவளுக்குப் பெயர் பதிந்து கொடுத்த எஞ்சினியர் வெங்கடேஸ்வரனுக்குச் சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டார்கள். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருப்பாள் என்றார் அவர். தப்பாக அடித்திருந்தால் தலைவாசல் வரைக்கும்கூட விடாதே என்று இவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

ஆடி பிறப்பதற்குள் அவள் கைப்பையில் பொடி டப்பா இருந்தது. கையெழுத்து கிட்டுவுடையதாகிவிட்டது. ஒரு விடியற்காலை குற்றாலத்து மெயின் அருவியில், தோளில் துண்டோடு ஆண்கள் வரிசையில் நின்றவளைப் போலீஸ்காரர் கூச்சத்தோடு கூப்பிட்டு வெளியே விட்டார். "ஏட்டி, யாரு நடையை நடக்க நீ?" என்று அவள் அம்மா உலகம்மாள் பஸ் ஸ்டாப்பிலேயே கேட்டாள். அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆடி நடுவில் ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில் சோறு வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மாவைப் பார்த்து, யார் வேண்டும் என்று பாலம்மாள் கேட்டாள். உலகம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இன்னும் கொஞ்ச நாளில் பாலம்மாள் என்று ஒருத்தி இருக்கவே மாட்டாள் என்பது பாலம்மாளுக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் அவள் யந்திரத்தின் தலைவாசலில் நின்றபடி எது எது யாருடையது என்று கேட்டாள். கிட்டு எழுதிய கோப்புகள் எல்லாம் அவளுடையவை என்றது யந்திரம். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த வருஷத்து நூல் கணக்கும் அவளுடையதாம். அவளுக்கென்று உண்டாக்கிய இடம் மட்டும் அவளுடையது இல்லையாம். யந்திரத்துக்கே தலைமையான ரூட் என்கிற பெயருக்கு அது சொந்தமாகி, மற்றவர்களுக்குச் சாத்திக் கிடந்தது. பெயரை விட்டுவிட்டு எண்ணைக் காட்டு என்றாள். யந்திரத்துக்கு மனுஷன் பெயரெல்லாம் மேல்பூச்சு, உள்ளே ஆளுக்கொரு எண்தான். வெங்கடேஸ்வரன் சிக்கனமான ஆள். கிட்டுவின் பெயரை எடுத்துவிட்டு, காலியான 204ஆம் எண்ணை வீணாக்காமல் இவளுக்குக் கொடுத்திருந்தார். ரூட்டாக இருந்தபடியே இவளுக்கு இடத்தை உண்டாக்கி, இவள் பெயருக்கு மாற்ற மறந்து ரயில் ஏறிவிட்டார். எண்ணோடு கோப்புகள் வந்தன, கோப்புகளோடு கிட்டுவும் வந்துவிட்டார். சரிசெய்ய ரூட்டின் பாஸ்வேர்டு வேண்டும். இந்த ஊரில் அது கிட்டுவுக்கு மட்டும்தான் தெரியும். பாலம்மாளின் விரல்கள் அதைத் தாமாகவே அடித்துவிட்டன.

எண்ணை அழிக்கப்போன நேரத்தில் கிட்டுவின் மனைவி பிருஹதாம்பாள் உள்ளே வந்தாள். புருஷன் வேலையைக் கேட்டு வந்து, கம்ப்யூட்டர் தெரியாது என்று முன்பே திருப்பி அனுப்பப்பட்டவள்.

"எங்காத்து இருமல் இங்க இருக்குன்னு சொன்னா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

பாலம்மாள் இருமினாள். மாமி கண்ணை மூடிக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பாலம்மாளின் நெஞ்சில் ஒரு பிரியம் பொங்கியது. அது தன்னுடையது இல்லை, தான் வைத்துக்கொள்ளவோ அழிக்கவோ கூடியதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாமி, உங்க பேரைச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல எட்டு எழுத்துக்கு மேல இது வாங்காது."

"பிருஹான்னு கூப்பிடுவார். எப்பவாவது."

பிருஹா என்று புதுப் பெயர் ஏற்றி, அதற்கு 204ஐயே கொடுத்து, கிட்டுவின் பழைய இடத்தையும் எழுதிவைத்தாள். ஒரு நிமிஷம் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே இருமலை இருமினார்கள். பிறகு தனக்குப் புது எண் ஒன்று போட்டு, தன் இடத்தை ரூட்டிடமிருந்து தன் பெயருக்கு மாற்றினாள். வெளியேறி மறுபடி நுழைந்தாள். யந்திரம் அவளை நேரே அவளுடைய இடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. அத்தனை வெறுமையும் தன்னுடையது என்பதில் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அன்று சாயங்காலம் கடையத்தில் இறங்கியதும், "யம்மா, பசிக்கி" என்றாள். உலகம்மாள் அவளை ரோட்டிலேயே கட்டிக்கொண்டாள்.

ஆனால் ஆலையில் அன்று மத்தியானமே மேனேஜர் தளவாய் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றுவிட்டார். பிருஹதாம்பாள், பாலம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை பொடி போட்டு, மூன்று தரம் இருமி, கிட்டு போனதிலிருந்து தேங்கிக் கிடந்த நூல் கணக்கை மழைபோலத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்தாள்.

"முப்பது வருஷம். என்மேல இவ்வளவையும் மனசுல வச்சுண்டு, வெறுமனே இருமிண்டே இருந்திருக்கார் மனுஷன்."

தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், பாலம்மாளும் இருக்கட்டும், வேலை இரண்டு பேருக்கும் கிடக்கிறது என்றார். இன்றைய கணக்கே இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு பிருஹதாம்பாள் மறுபடி தட்டத் தொடங்கினாள்.