உள் மடிப்பு

ஜவுளிக்கடைக்காரருக்குக் கைவந்த வித்தை ஒன்று உண்டு. துணியில் கறையோ இழை விட்டதோ இருந்தால், அந்த இடம் உள்ளே போகும்படி மடித்துவிடுவார். வாங்க வருகிறவர் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விலையில் மல்லுக்கு நிற்பார். மடிப்பை மட்டும் பிரிக்கமாட்டார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அது அவர் பாடு.

நுரையீரலில் புற்று வந்தபோதுகூட மனுஷர் பெரிதாக அசரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிக் காவலுக்கு நிறுத்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது. "நல்ல வாட்ச்மேன் கெடைச்சிருக்கான்டா" என்று மைத்துனனிடம் பீற்றிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் அதே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஒரு லாரிக்காரர். அவருக்கு முதுகெல்லாம் தடிப்பு கிளம்பியது. டாக்டரம்மாவிடம் காட்டினார், மருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறு ஆள். லாரிக்காரர் என்ன ஆனார் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

ஆகவே இடது முன்கையில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஓர் உருண்டை எழும்பியபோது, அவர் கண்முன் வந்தது லாரிக்காரரின் முதுகுதான். வலியில்லை, அரிப்பில்லை. மறுநாளே அரைக்கைச் சட்டைகள் அலமாரிக்குள் போயின.

"வெயில் இந்தப் போடு போடுது, முழுக்கை எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"கடையில ஏசி குளிருது."

"அந்த ஏசி ஓடினதே கடை திறந்த அன்னிக்குத்தான்."

"மாமா பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாரு, அக்கா" என்றான் மைத்துனன்.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், "புதுசா ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பார். "ஒண்ணுமே இல்லீங்கம்மா" என்று வலக்கையை ஊசிக்கு நீட்டுவார் இவர்.

ஆனால் மனைவியும் அதே கடையில் துணி மடித்தவள். இடது கையை உடம்பில் ஒட்டாமல் அகட்டிக்கொண்டு அவர் நடப்பதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"எந்த மடிப்பு உள்ள போயிருக்குன்னு எனக்குத் தெரியாதா? சட்டையக் கழட்டுங்க."

பட்டாணி கோலிக்குண்டாகியிருந்தது. அக்குளில் இன்னொன்று.

சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். "மெர்க்கெல் செல் புற்று" என்றார் டாக்டரம்மா. "நுரையீரல்லேர்ந்து பரவினது இல்ல, இது தனி. தோல்ல அபூர்வமா வர்றது. ஆனா வேகமா ஓடும்."

"காவலுக்கு ஆள் இருக்கும்போதேவாம்மா?"

"இந்தப் புற்றுக்கே பல பேருக்கு இந்த மாதிரி மருந்துதான் குடுப்போம். உங்களுக்கு அது ஏறிக்கிட்டு இருக்கும்போதே வந்திருக்குன்னா, அதுக்கு அடங்கலன்னு அர்த்தம். எப்பலேர்ந்து இருக்கு?"



"முழுக்கைச் சட்டை போட ஆரம்பிச்சதிலேர்ந்து" என்றாள் மனைவி.

"காட்டினா மருந்த நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேம்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சின்னதா இருந்தப்பவே காட்டியிருந்தா, வெட்டி எடுத்துட்டுக் கதிர்வீச்சு குடுத்திருப்போம். பெரும்பாலும் அதோட அடங்கியிருக்கும். நுரையீரலுக்கு மருந்து அது பாட்டுக்கு ஓடியிருக்கும். இப்ப அக்குளுக்குப் போயிடுச்சு. கீமோ ஆரம்பிக்கணும். அந்த மருந்த நிறுத்தித்தான் ஆகணும்."

"பாதி அளவாவது குடுங்கம்மா. ரெண்டையும் சேத்துப் பாத்துக்கலாமே."

கொள்முதலில் பாதி விலையில் ஆரம்பித்து முக்காலில் முடித்தே பழகிய வாய் அது. டாக்டரம்மா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்திரிங்க. இது ஒரே விலைக் கடை" என்றாள் மனைவி.

வெளியே மருந்தேற்றும் அறைக் கதவு திறந்திருந்தது. அவருடைய நாற்காலியில் நர்ஸ் புது விரிப்பை விரித்துக்கொண்டிருந்தாள். பார்க்காதவர் மாதிரி நடந்தவர், சுருட்டிவிட்டிருந்த சட்டைக்கையைக் கீழே இழுத்துப் பொத்தானைத் தேடினார்.

"விடுங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல். "இனி மூடி வெச்சு யாருக்கு விக்கப் போறீங்க?"