கல்யாண எழுத்து

எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசி மூன்றாம் நாள், நண்பகல் மணி பன்னிரண்டேகால். வறண்ட வையை மணலை வெயில் வறுக்க, கோபுரங்களின் நிழல் சுருங்கித் தம் அடியிலேயே ஒடுங்க, வண்டிகளும் பேருந்துகளும் முட்டிமோதும் காளவாசல் சந்தியில், சேக் இஸ்மாயிலின் அச்சுப்பொறி மட்டும் ஓய்ந்திருந்தது. அறிவார்ந்த வாசகரே, அதற்குக் காரணம் ஓர் எழுத்து.

இறங்கும் கோடு யானைத் தந்தம்போல் திரண்டும், வளையும் கோடு சிலந்தி நூல்போல் மெலிந்தும், முனைதோறும் சிறு நகம்போல் விரிந்தும் நிற்கும் அந்த ஈய அச்செழுத்தை, மண அழைப்புக்கன்றி அவர் அச்சேற்றுவதில்லை. ஆனையூர் நல்லகாமனோ, இறந்த தந்தை விருமாண்டியின் பதினாறாம் நாள் கருமாதி மடலுக்கு அதனையே கேட்டு நின்றான்.

“அது கல்யாண எழுத்து மாப்ள. சாதாத் தாள்ல போட்டா மெல்லுசுக் கோடெல்லாம் அத்துப்போகும், வழுவழு அட்டைதான் தாங்கும். அந்த அட்டையப் பாத்தா எவன் கேதம்னு நெனைப்பான்?”

“படிச்சுப் பாத்து நெனைக்கட்டும் பாய். கறுப்புக் கட்டமும் வேணாம்.”

“நீ மொட்ட போடுறதுக்கு நான் மாலை கட்டுறேன்னு ஊரு சிரிக்கும்டா.”

சிரிப்புக்கு அஞ்சும் நிலையில் அவனில்லை. தன் விருப்பப்படி மணந்தாள் என்று தங்கை சின்னத்தாயைத் தந்தை விலக்கி ஒன்பது ஆண்டுகள். விலக்கியவரே இறுதி மூச்சில், “அவளக் கூப்புடு” என்றார். போடிக்கு மேலே ஏலக்காட்டில் அவள் இருப்பதை, இழவுக்கு வந்த ஒருவர் சொல்லியே அவன் அறிந்தான். கறுத்த மடல் கண்டால் பழைய சினம் மூண்டு வராதிருப்பாளோ என்று அஞ்சினான். அழகிய எழுத்து அவளை அழைத்துவரும் என்று நம்பினான். எண்ணன்றி எழுத்தறியாத அவள், மடலின் உருவத்தையே செய்தியாகக் கொள்வாள் என்பதை நினைத்தானில்லை.

பதினாறாம் நாள் காலை, முற்றத்தில் நாவிதர் சின்னச்சாமி அவன் தலையை நனைத்துக் கத்தியைத் தீட்டுகையில், தெருமுனையில் மேளம் கேட்டது. பூவும் பழமும் புதுவேட்டியும் தட்டில் ஏந்திக் குலவையிட்டு வந்தாள் சின்னத்தாய். கூடியிருந்தோர் எழுந்தனர்.

“என்னண்ணே, முகூர்த்த நேரத்துல மாப்ள தல இன்னும் ஈரமா?” என்று சிரித்தவள், இடுப்பிலிருந்த மடலை எடுத்து அதன் மெல்லிய கோட்டை விரலால் வருடினாள். “ஆனையூர்த் தபால்னாங்க. பாத்ததுமே ஒன் கல்யாணம்னு தெரிஞ்சுக்கிட்டேன். தேதிய மட்டும் எண்ணிக்கிட்டேன். ஒருத்தர்ட்டயும் கேக்கல.”

வந்தாளே என்று மகிழ்வதா, வந்தவிதம் கண்டு நோவதா என்றறியாது, கழுத்தில் நீர் வழிய நின்றான் நல்லகாமன். அழகு செய்தியைச் சுமக்கும். சிலபோது செய்தியையே விழுங்கிவிடும்.

தட்டை அவன் கையில் வைத்துவிட்டு, வாசல் கடந்து உள்ளே எட்டிப் பார்த்தாள் அவள்.

“அய்யா எங்கண்ணே? மொதல்ல அவரு கால்ல விழுந்துட்டு வாரேன்.”