நடுப்புள்ளி

உடையப்பன் முன்கோபி. இதை நானே சொல்கிறேன், ஏனென்றால் அந்த உடையப்பன் நான்தான். துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் என் அறையில் இருந்த ஏழு பேரும் இதற்குச் சாட்சி. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை அம்மையப்பனை ஏசியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

2004, மார்ச் மாதம். நானும் அதே அறையில் இருந்த அம்மையப்பனும் ஒரே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினோம். இருவருமே ஏப்ரலில் லீவு கேட்டிருந்தோம். ஒருவரைத்தான் விட முடியும், யாரென்று நீங்களே பேசி முடியுங்கள் என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். மற்றவனுக்கு டிசம்பரில்தான். அம்மையப்பனுக்கு மகளின் காதுகுத்து. எனக்கு, நான் இங்கே வந்தபின் பிறந்த மகள். இரண்டு வயதாகிறது, போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

பேச்சு சண்டையில்தான் முடிந்தது. கடைசியில் பக்காரா ஆடித் தீர்த்துக்கொள்வது என்றானது. அறைக்கு அந்தச் சீட்டாட்டத்தைக் கொண்டுவந்ததே அம்மையப்பன்தான். முன்பு ஒரு சொகுசுக் கப்பலில் துப்புரவு வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டானாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டபின், காசு வைக்காமல், தோற்றவன் சமைக்க வேண்டும் என்று வைத்து ஆடுவோம். பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு சீட்டு. கூட்டினால் வருவதில் கடைசி இலக்கம் மட்டும்தான் கணக்கு. பத்துக்கும் படச்சீட்டுக்கும் மதிப்பே கிடையாது. ஒன்பதுக்குக் கிட்டே வருபவன் ஜெயிப்பான். ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் இன்னொரு சீட்டு எடுக்கலாம். எந்தப் பக்கம் என்று சொல்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதனாலேயே ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை. நான் ஒவ்வோர் ஆட்டத்தையும் காலண்டரின் பின்பக்கம் குறித்து வைப்பேன். தொடர்ந்து ஜெயிக்கிற பக்கத்தை விடவே மாட்டேன். கப்பலில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களும் இப்படித்தான் எழுதி எழுதித் தோற்பார்கள், போன ஆட்டம் சீட்டுக்கு எங்கே ஞாபகம் இருக்கும் என்று அம்மையப்பன் சிரிப்பான்.

அன்று பிளேயர் நான்கு முறை தொடர்ந்து வந்திருந்தது. நான் பிளேயர் என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் பேங்கரை எடுத்துக்கொண்டான். எனக்கு ராஜாவும் ஏழும், ஆக ஏழு. அவனுக்கு இரண்டும் மூன்றும், ஆக ஐந்து. மூன்றாவது சீட்டை எடுத்தான்.

அதை யாரும் சட்டென்று திருப்ப மாட்டார்கள். மூலையில் இருக்கும் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மடக்கித் தான் மட்டும் பார்ப்பார்கள். நீள ஓரத்தில் இரண்டு புள்ளி என்றான். அப்படியானால் நாலு, இல்லாவிட்டால் ஐந்து. நடுவில் புள்ளி இல்லையென்றால் நாலு, ஒன்பதாகி அவன் ஜெயிப்பான். இருந்தால் பத்தாகி ஒன்றுமில்லாமல் போவான். ஊதினால் நடுப்புள்ளி பறந்துவிடும் என்று எல்லாரும் ஊதுவார்கள். அவனும் ஊதினான்.

"அஞ்சு. கலாஸ், முடிஞ்சிருச்சு" என்றான். யாருக்கும் காட்டாமல் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டான்.

நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன். தோற்ற ஆத்திரத்தைச் சீட்டிலா காட்டுவாய், இருக்கிறதே ஒரு கட்டு என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், குறைந்த சீட்டை அட்டையில் வரைந்து வைத்துவிட்டுப் போகலாமென்று கட்டைப் பிரித்தேன். எந்த ஐந்து இல்லையென்று தேடினேன். ஐந்துகள் நான்கும் இருந்தன. ஆட்டின் என்கிற இதயச் சீட்டில் நாலைத்தான் காணவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். அம்மையப்பன் அரிசி களைந்துகொண்டிருந்தான். ஏன் பொய் சொன்னாய், எனக்குப் பிச்சையா போடுகிறாய் என்று கத்தினேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"காது குத்த தாய்மாமன் மடி போதும் மாப்ள. அப்பன் எதுக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. லீவை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. தன் மகளை அவன் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயதாம். லீவு முடிகிறவரை அவள் அவனிடம் வரவே இல்லையாம். இதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"போன ஒடனே தூக்கிறாத" என்றான். "புள்ள பயந்துரும். பக்கத்துல சும்மா ஒக்காந்திரு. அதுவா வரும்."