வாரத்துக்கு விட்ட கோழி

அமிர்தம் அக்காவின் கோழி முட்டையிட்டால் தெருக்கோடி வரைக்கும் கொக்கரிக்கும். என் கோழியும் சளைத்ததில்லை, அதுவும் அதே அளவுக்குக் கொக்கரிக்கும். ஆனால் அவள் வீட்டு வைக்கோல் கூடையில் முட்டையிட்டுவிட்டுத்தான் கொக்கரிக்கும். தவிடு என் வீட்டில், முட்டை அவள் வீட்டில் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரர் கதிரவனின் அண்ணன் கொளஞ்சி மாமாவின் மனைவி. நேரில் அக்கா, வாங்க, போங்க எல்லாம் உண்டு. மனசுக்குள் அவள், இவள்தான். சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற ரோட்டில் உள்ளே திரும்பினால், மாமனார் விட்டுப்போன மனையில் அடுத்தடுத்து இரண்டு வீடு. அவளுடையது மாடி வைத்தது, எங்களுடையது ஓடு போட்டது. கொளஞ்சி மாமாவுக்குச் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை. அக்காவுக்கு எதைத் தொட்டாலும் துலங்குகிற கை. ஒடித்து நட்ட முருங்கைக் குச்சி ஆறு மாதத்தில் காய்க்கும்.

எனக்கு இருந்தது ஒன்றுதான், சிந்துஜா. அப்போது மூன்று வயது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் மேலே, அவள் கீழே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் மாடியில் புடவை காயப்போடுவதைப் பார்த்து எரிச்சல் வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லையில் நடப்பேன். அவள் பார்க்கட்டும் என்றுதான் நடப்பேன்.

கோழி விவகாரத்தை ஆரம்பித்ததும் அவள்தான். "ஒரு பொட்டக் கோழிய வாரத்துக்கு வச்சுக்க செல்வி, புள்ளைக்கு முட்டை ஆவும்" என்றாள். எங்கள் பக்கம் இது வழக்கம். கோழி ஒருத்தருடையது, வளர்ப்பது இன்னொருத்தர், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. குஞ்சு பெருத்ததும் ஒருத்தர் இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும், மற்றவர் எந்தக் கூறு வேண்டுமோ எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஏமாற்ற முடியாது. நான் பிரித்தேன், அவள் எடுத்தாள். எடுத்த பிறகு பார்த்தால் அவள் கூறில் இருந்த செவலைப் பெட்டைதான் எல்லாவற்றிலும் வாளிப்பாகத் தெரிந்தது. பிரித்தவள் நான் என்பது தெரியும். தெரிந்தால் ஆத்திரம் குறைந்துவிடுமா?

என் கூறுக் கோழிகள் முட்டைக்கு வந்ததும்தான் அவள் கூடைக்குப் போக ஆரம்பித்தன. விடிந்ததும் தவிட்டைத் தின்றுவிட்டு வரிசையாக அந்தப் பக்கம் நடக்கும். பின்னாலேயே சிந்துஜாவும் "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டு போவாள். மத்தியானம் முட்டையை முறத்தில் வைத்து அக்கா கொண்டுவந்து கொடுப்பாள். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. என் கோழி இட்ட முட்டையை அவள் எனக்குத் தானம் செய்கிற மாதிரி இருந்தது.

"வேலி போடணும்ங்க" என்றேன் கதிரவனிடம்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு கோழி போவுது. அதுக்கு ஒரு வேலியா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பழைய மீன்வலை வாங்கி, மூங்கில் நட்டு, கொல்லையின் வடக்கு மூலையை வளைத்துக் கட்டினேன். அந்த மூலையில் புல் பூண்டு முளைக்காது, மண் கறுத்துக் கிடக்கும், களை பறிக்கிற வேலை இல்லை. கல்யாணமான புதிதில் கடை பிடிக்கக் காசில்லாமல் அவர் அங்கேதான் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற தட்டுகளை உருக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் கரண்ட் போகிற போக்கில் இன்வர்ட்டர் வைக்காத கடையே இல்லை என்றாகி, தொழில் சூடுபிடித்து, ரோட்டோரம் கடை வைத்துவிட்டார். மூலை சும்மா கிடந்தது. எனக்கு அது தோதாகப் போயிற்று.

அது 2010ஆம் வருஷத்து ஆனி மாதம். வேலிக்குள் கோழிகள், கோழிகளோடு சிந்துஜா. வலைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடைச்சுப் போட்டியா?" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு" என்றேன். ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு ருசித்தது.

ஆடி பிறந்ததும் கருப்புப் பெட்டை ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டது. கழிச்சல் பச்சையாக இருந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் தட்டி உருட்டிப் போட்டேன். கால்நடை ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தியது. அடுத்து ஒரு கோழி கால் மடங்கி உட்கார்ந்தது. கழிச்சல் நோய் என்றால் பக்கத்து வீட்டுக்கும் பரவ வேண்டாமா? அவள் கோழிகளோ அதே தாய் வயிற்றுக் குஞ்சுகள், மினுமினுவென்று குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தன.

கண்ணடிதான் என்று முடிவு செய்தேன். வேலியில் நின்று பார்த்தாளே அன்றைக்கு. மிளகாய் சுற்றிப் போட்டேன். அதற்கும் கேட்காததால் நேராகவே போய்க் கேட்டுவிட்டேன்.

"நல்லதெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டு சொத்தையெல்லாம் எந்தலையில கட்டிட்டீங்கக்கா."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "பிரிச்சது நீதான செல்வி."

"அந்தச் செவலைய எனக்குக் குடுங்க. எங்கிட்ட சாம்பக் கலர் ஒண்ணு இருக்குது, அத எடுத்துக்குங்க."

நான் கொடுக்கப்போவது நொண்டிக் கோழி என்று அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்ச் செவலையைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

செவலையை வேலிக்குள் விட்டேன். சாம்பல் நொண்டிக்கொண்டே அவள் கொல்லைக்குப் போயிற்று. ஆவணி முடிவதற்குள் சாம்பல் எழுந்து நடந்தது, நெஞ்சில் சதை வைத்தது, ஒரு நாள் காலையில் முட்டையிட்டு ஊரைக் கூட்டியது. என் செவலை அதே சமயத்தில் கால் மடங்கி உட்கார்ந்தது. கோழி கைமாறியதோடு நோயும் கைமாறிவிட்டது. நான் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கோழிக்காக அழவில்லை. எதைத் தொட்டாலும் அவளுக்கே வாய்க்கிறதே என்றுதான் அழுதேன்.

செவலை செத்துப்போவதற்கு முன்னால் அறுத்துவிடலாம் என்று அறுத்தேன். குழம்புக்காவது ஆகட்டும். இரை அரைக்கிற பையைக் கீறி, உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை உரித்தபோது, கல்லும் மண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ கொட்டியது. நகத்தால் கீறினால் உள்ளே பளபளத்தது. அம்மிக்கல்லில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி விழுந்தது. சாப்பிட வந்த கதிரவனிடம் உள்ளங்கையை நீட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பல்லில் வைக்கப் போனார், வைக்கவில்லை. முகம் மாறிவிட்டது.

"இது ஈயம். உருக்கும்போது சிந்துனது. எங்க கெடந்துது?"

"கோழி வயித்துல."

"கோழிக்கு இரை அரைக்க கல்லு வேணும். வெளிய மேஞ்சா கல்லு, கிளிஞ்சல்னு பொறுக்கும். வேலிக்குள்ள கல்லு ஏது? கெடச்சத முழுங்கியிருக்குது." அடுப்பில் இருந்த சட்டியை அவரே இறக்கினார். "இத யாரும் வாயில வைக்காதீங்க. அந்த முட்டையும் வேணாம்."

அந்த முட்டை. அக்கா வீட்டு முட்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, என் கோழி முட்டையைத்தான் தினமும் அவித்துச் சிந்துஜாவுக்கு ஊட்டினேன். வெளியே எட்டிப் பார்த்தேன். சிந்துஜா வேலிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையில் அந்தக் கறுத்த மண்ணை அள்ளி அள்ளி இட்லி வார்த்துக்கொண்டிருந்தாள். கை வாய்க்குப் போய்விட்டு வந்தது. ஒரு மாதமாக வயிற்றை வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டிருந்தவள், எதற்கெடுத்தாலும் அழுதவள், முகம் வெளுத்தவள். பூச்சி மருந்து கொடுத்தேன். கோழிக்குச் சுற்றிய அதே மிளகாயைப் பிள்ளைக்கும் சுற்றினேன்.

சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டரம்மா, "ஈயம் ஜாஸ்தியா இருக்கும்மா. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. மருந்து அப்புறம், மொதல்ல பிள்ளைய அந்த மண்ண விட்டு எடுங்க. அந்த மண்ணு காத்துல வீட்டுக்குள்ளயும் வந்திருக்கும். இடத்த சுத்தம் பண்ணி மூடுற வரைக்கும் அங்க வச்சிருக்காதீங்க. இனிமே ஏறினா மூளைய பாதிக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற ஆயா என் கண்ணீரைப் பார்த்து, "கோழி மிதிச்சு குஞ்சு சாவுமா, அழுவாத" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

கதிரவன் அந்த மண்ணை வெட்டி ராத்திரியோடு வாய்க்காலில் கொட்டிவிடலாம் என்றார். கொளஞ்சி மாமா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "வாய்க்கால்ல கொட்டினா அடுத்தவன் கோழி சாவும், அடுத்தவன் புள்ள கெடும்" என்றார். களிமண் போட்டு மூடி, மேலே சிமெண்டு கொட்டுவது என்று முடிவானது. ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த கோழிகளைப் பலகைத்தளம் போட்ட கூண்டில் ஏற்றி, வெள்ளாற்று மணலும் கிளிஞ்சலும் வைத்தோம். கோழிக்கு இடம் கிடைத்துவிட்டது.

பிள்ளைக்கு? என் அம்மா கடலூர் முதுநகரில் அண்ணன் வீட்டில் ஒற்றை அறையில் ஆறு பேரோடு இருக்கிறாள். மாதக்கணக்கில் அங்கே எப்படிக் கொண்டுபோய் வைப்பது? ஓட்டு வீட்டைக் கழுவித் துடைத்து, சிமெண்டு போட்டு முடிக்கத் தை ஆகிவிடும். இருக்கிறது ஒரே இடம், அக்காவின் மாடி வீடு. எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள்கூடத் திறக்கவில்லை. நானே கேட்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் அப்படித்தான் நினைத்தேன்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சிந்துஜாவைக் குளிப்பாட்டி, துவைத்த கவுன் போட்டு, தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன்.

"தை வரைக்கும் வச்சுக்குங்கக்கா" என்றேன்.

அவள் கை நீட்டவில்லை. "நீயும் வந்து இரு. மாடி ரூமு சும்மாதான கெடக்குது."

"வேலைய முடிச்சுட்டு வந்து பாத்துக்கறேன்." அவள் சோற்றை உட்கார்ந்து தின்ன எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

"செல்வி, ஒண்ணு சொல்லணும்" என்றாள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "உங்கோழி எங்கொல்லைக்குத் தானா வரல. தெனமும் வெடிஞ்சதும் நான் பச்சரிசி எறைச்சு வச்சேன். கூடையும் அதுக்குத்தான் வச்சேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முட்டைக்கா?"

"முட்டை எனக்கு எதுக்கு? கோழி வந்தா பின்னாலயே புள்ள வரும். ஒரு அரமணி நேரம் எங்கிட்ட நிக்கும். நீ இடுப்புல வச்சுக்கிட்டு நடக்கறத பாத்துப் பாத்து எனக்குத் தாங்கல. கூப்பிட்டா நீ அனுப்ப மாட்ட." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ வேலி போட்ட அன்னிக்கி, எறைச்ச அரிசிய காக்கா தின்னுட்டுப் போச்சு."

நான் என் முட்டைக்காக அழுதுகொண்டிருந்த நாளெல்லாம் அவள் என் பிள்ளைக்காக அரிசி இறைத்திருக்கிறாள். அவளுக்கும் எரிந்திருக்கிறது, எனக்கு எரிந்ததைவிட அதிகமாக. ஆனால் அவள் பொறாமை பிள்ளையை நல்ல மண்ணுக்கு இழுத்தது. என் பொறாமை மூங்கில் நட்டு, வலை கட்டி, பிள்ளையை விஷத்துக்குள் அடைத்தது. இதில்கூட அவளுடையதுதான் உசத்தி.

"பெரியம்மா, கோழி எங்க?" என்றாள் சிந்துஜா.

அக்கா அப்போதும் கை நீட்டவில்லை. நான்தான் பிள்ளையை என் இடுப்பிலிருந்து எடுத்து அவள் இடுப்பில் வைத்தேன். வைத்த இடத்தில் அது பிறந்ததிலிருந்து இருந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டைக் கழுவப் போனேன்.