கழுவின போத்தல்

பிரதேச செயலகத்தில் இருந்து வீடு பார்க்க ஆள் வருகிறது என்றதும் நேசம் செய்த முதல் வேலை, மேல்வீட்டு மர்லியாவிடம் பொன்விளிம்புக் கோப்பைகளை இரவல் வாங்கியதுதான். கூடவே ஒரு மேசைவிரிப்பு, இரண்டு குஷன். வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவளின் எடுப்பைப் பாருங்கள்!

கணவர் சிவபாதசுந்தரத்துக்கு இருதயத்தில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம். உள்ளே வைக்கிற ஸ்டென்டை மட்டும் வெளியில் வாங்கவேண்டுமாம். புடைவைக்கடையில் முப்பது வருஷம் துணி அளந்த மனுசனுக்கு ஏது பென்ஷன்? வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற மருத்துவ உதவி கிடைத்தால்தான் உண்டு. அதற்குத்தான் இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்கள்.

நேசத்துக்கு அரசாங்கம் என்றால் சின்ன வயதில் இலவசமாக மருந்து தந்த கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரிதான். அந்த நாளில் மருந்து வாங்க வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோகவேண்டும். அம்மா முதல் நாளே அதைச் சுடுதண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பாள். அழுக்குப் போத்தல் என்றால் மருந்து கலக்குகிற ஐயா திருப்பி அனுப்பிவிடுவார். ஏழு வயது நேசம் தலை வாரி இழுத்து, பவுடர் பூசி, நல்ல சட்டையோடு வரிசையில் நிற்பாள். வீட்டில் என்ன இருக்கிறது, அப்பாவுக்கு என்ன உழைப்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. போத்தல் நிறைந்து திரும்பி வரும். அந்தச் சிவப்பு மருந்தை வெயிலில் தூக்கிப் பார்த்தபடி நடந்த காலைகளை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறையும். என்ன அருமையான காலம் அது!

அதே பழக்கத்தில்தான் இன்றைக்கும் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். வந்தவள் மேனுகா என்ற இளம் உத்தியோகத்தர்.

"வாங்கோ பிள்ளை, முதலிலை ரீ குடியுங்கோ."

மேனுகா கோப்பையைப் பார்த்தாள். குஷனைப் பார்த்தாள். நேசத்தின் கைக்காப்பில் கண் நின்றது.

"அன்ரி, காசு அனுப்ப வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

"வசதியான வீடு மாதிரியெல்லோ கிடக்கு. இப்பிடியெண்டால் காசு தரமாட்டினம்."

பேனை படிவத்தில் ஓடத் தொடங்கியது. அறையை மறித்த திரைக்கு அப்பால் சிவபாதசுந்தரம் மூச்சு வாங்குவது கேட்டது. நேசத்துக்கு அப்போதுதான் தான் செய்த வேலை விளங்கியது. முகமெல்லாம் சுட்டது.

"நில்லுங்கோ பிள்ளை. கோப்பை எங்கடையில்லை. குஷனும் மேல்வீட்டுது. காப்பும் கவரிங்தான்."

மேசைவிரிப்பை இழுத்தாள். கீழே இருந்தது பழைய மீன்பெட்டி. பிறகு போய் அரிசி வாளியைத் தூக்கி வந்து மூடியைத் திறந்து காட்டினாள். அடியில் இரண்டு தகரச் சுண்டு அளவு அரிசிதான் கிடந்தது.

மேனுகா எழுதியதை வெட்டினாள். "முதலே சொல்லியிருக்கலாமே, அன்ரி."

"கழுவிக்கொண்டு வா எண்டுதானே பிள்ளை எங்களுக்குச் சொல்லித் தந்தவை."

மேனுகாவுக்கு அது விளங்கவில்லை. திருத்தி எழுதிப் படிவத்தை நீட்டினாள். நேசம் கையெழுத்து வைத்தாள். மனுசன் பிழைத்தால் போதும், வேறென்ன வேண்டும்? ஆனாலும் இந்த அறுபது வருஷத்தில் இன்றுதான் அவள் முதன்முதலாக அழுக்குப் போத்தலை நீட்டியிருக்கிறாள்.