பச்சை ஏழு

1.

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. கல்முனைச் சந்தையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது எனக்குப் பின்னால் யாரோ யாரிடமோ சொன்னார்: "பெல்ட்டுக்குச் சாயம் போடுறவனுக்கு சோதினைக்கு முந்தியே முடிவு தெரியும்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு முகம் கிடைத்திருக்கும். கதை கிடைத்திருக்காது.

மீதி எல்லாம் நான் வைத்தது. மீராசாவை, அவனுடைய நீலக் கைகளை, 1982ஆம் ஆண்டை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மருதமுனையில் சாயக்கார மீராசாவைத் தெரியாதவர்கள் —"

விட்டுவிட்டேன். தெரியாதவர்கள் நிறையப் பேர். நீங்களும்தான்.

பிறகு:

"விடியற்காலையில் நெல் அவிக்கும் ஆவி —"

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

2.

மருதமுனைக்கு அடுத்த ஊரான பாண்டிருப்பில் ஒரு நெல் மில். விடியற்காலையில் நெல் அவிப்பார்கள். ஆவி வெளியே வந்து, நெல் காயப்போடும் சீமெந்துக் களத்தில் முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதற்குள் முப்பது பேர் வெள்ளை உடுப்பில் நிற்பார்கள். கால்கள் தெரியாது. வெயில் ஏறி, நெல் பரப்ப ஆட்கள் வரும்வரை களம் கராத்தே வகுப்புக்கு.

முன்வரிசை மண்ணிற பெல்ட். பிறகு பச்சை. பிறகு மஞ்சள். கடைசியில் வெள்ளை.

மீராசாவுக்கு நாற்பத்தொரு வயது. மஞ்சள். அவனுக்கு முன்னால், பச்சையில், அவன் மனைவி அஸீஸாவின் தம்பி முத்தலிப். இருபத்திரண்டு வயது. மீராசா வீட்டுக்குள் வந்தால் முத்தலிப் கதிரையை விட்டு எழும்புவான். களத்தில் மீராசா முத்தலிப்புக்கு நெஞ்சில் கைவைத்து மரியாதை செய்ய வேண்டும்.*

"மச்சான், நெஞ்சில கை வெக்கக்குள்ள முறைக்காதீங்க."

"நான் முறைக்கல்ல. எனக்கு மூஞ்சி அப்பிடி."

சொல்லிக்கொடுப்பவர் நல்லரெத்தினம். பாண்டிருப்புக்காரர், கண்டியில் பழகி வந்தவர், மீராசாவைவிடப் பதினைந்து வயது இளையவர். எல்லோருக்கும் மாஸ்டர். அவருக்கு மீராசா காக்கா, அதாவது அண்ணன். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் பார்த்திருக்கப் பெயர் கூப்பிட்டு அடுத்த பெல்ட்டைக் கட்டிவிடுவார். சோதனை அன்றைக்கில்லை, வருடம் முழுக்க நடக்கிறது என்பது அவர் பேச்சு. அவரிடம் ஒரு சட்டமும் உண்டு: ஒரே நிறத்துக்கு இரண்டு முறை தவறியவர் திரும்ப வெள்ளை. கடைசி வரிசை. பள்ளிப் பிள்ளைகளோடு, முதலிலிருந்து.

மீராசா போன வருடம் பச்சைக்குத் தவறியவன்.

(* தலை குனிவதுதான் அந்தக் கலையின் முறை. முதல் நாளே மாஸ்டர் மாற்றிவிட்டார். "நீங்க குனியிறது ஒரு இடத்தில மட்டுந்தான் எண்டு எனக்குத் தெரியும். நெஞ்சில கை வெச்சாக் காணும்." வகுப்பில் பாதிப்பேர் மருதமுனை முஸ்லிம்கள். அப்போது எல்லோரும் எல்லா ஊருக்கும் சைக்கிளில் போனார்கள்.)

3.

ஒரு சாயக்காரன் முப்பத்தெட்டு வயதில் ஏன் கராத்தே பழக வந்தான்? மூன்று காரணங்கள் எழுதினேன்.

[முதலாவது: பஸ் நிலையத்தில் ஒருவன் அவனை அறைந்தான். வேண்டாம். அறை வாங்கியவன் மூன்று மாதம் பழகுவான். திருப்பி அடித்துவிட்டு நின்றுவிடுவான்.]

[இரண்டாவது: கல்முனைத் தியேட்டரில் சீனச் சண்டைப் படம். அது முத்தலிப்பின் காரணம்.]

மூன்றாவது. ஒருநாள் விடிய, நூல்கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மீராசா அந்த மில்லைக் கடந்தான். ஆவிக்குள் முப்பது பேர் நின்றார்கள். கைகளைப் பொத்தி இடுப்பில் வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. அவன் சைக்கிளை நிறுத்தினான். பதினொரு வயதிலிருந்து அவன் கைகள் நூலை நனைத்தன, பிழிந்தன, உதறின. தூக்கத்திலும் பிழிவதாக அஸீஸா சொல்வாள். கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் இப்படி நிற்க முடியுமா? ஆவி கலையும்வரை பார்த்தான்.

இது போதுமான காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருடம் தவறாமல் வந்திருக்கிறான்.

4.

வகுப்பின் பெல்ட்டுகளுக்கெல்லாம் மீராசாதான் சாயம் போட்டான். மருதமுனையில் தறிக்குக் குறைவில்லை. நீள நாடாவாக நெய்து வாங்கி, வெட்டி, சாயம் முக்கிக் காயவைப்பான். அதற்கு நாள் வேண்டும். ஆகவே மாஸ்டர் வியாழக்கிழமையே ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஏலுமா காக்கா?"

"ஏலும் மாஸ்டர்."

வீதிக்கு வந்துதான் வாசித்தான். மஞ்சள் பதினொன்று. பச்சை ஏழு. மண்ணிறம் இரண்டு.

மஞ்சள் வரிசையில் எட்டுப் பேர். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு முகமாக எண்ணினான். எட்டு. கடைசியாகத் தன்னை எண்ணினான். அதுவும் சேர்த்துத்தான் எட்டு.

5.

அஸீஸா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முத்தலிப் கதிரையை விட்டு எழும்பினான். மீராசா துண்டை நீட்டினான்.

"ஏழா? அப்ப எட்டுத்தானே," என்றாள் அஸீஸா.

"வாசிக்கத் தெரியாதா? ஏழு."

"நம்மட தெருவில ஏழெண்டா எட்டுத்தான். பெருநாளைக்கி பத்துச் சாரன் எண்டு சொல்றவங்க சாயக்காரன்ட சாரனையும் சேத்தா சொல்ற?"

அப்படி ஒரு வழக்கம் அந்தத் தெருவில் உண்டு. இடுப்பில் உடுக்கும் சாரனோ சேலையோ, யார் எத்தனை சொன்னாலும் அது மற்றவர்களின் எண்ணிக்கை. சாயம் போடுபவன் தனக்குரியதைத் தானே சேர்த்து முக்கிக்கொள்வான். அதை வாய்விட்டுச் சொல்வது மரியாதையில்லை. உன் வீட்டில் நீயும் சாப்பிடு என்று சொல்வது போல.

"மாஸ்டர் பாண்டிருப்பு ஆள். அவருக்கு இது தெரியுமா?"

"நடுவில ஒரு வேலிதானே. அவர்ட அம்மா நம்மட தறியில எத்தின சேலை எடுத்திரிக்கா. தெரியாமலா?"

"போன வரிசமும் ஆறு பேருக்கு அஞ்செண்டுதான் எழுதியிருந்த. நான் தவறித்தானே போனன்."

"அது வழக்கத்தால இல்ல. ஒங்கட காலால."

முத்தலிப் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "கேட்டுப் பாருங்களன் மச்சான்," என்றான்.

"கேட்டா, கேட்டதுக்காகத் தந்துடுவார். பொறகு அத இடுப்பில கட்ட ஏலுமா?"

"அப்ப நான் கேக்கவா?"

"நீ கேட்டா அதவிடக் கேவலம்."

[இந்த இடத்தில் முத்தலிப்பை நான் நம்பவில்லை. இரகசியமாகப் போய்க் கேட்டுவிடுவான். ஆகவே அவனை நெல் சூடடிப்புக்கென்று சாகாமத்து வயலுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறுதான் வருவான். எழுதுபவனுக்கு இவ்வளவு அதிகாரம் உண்டு. அந்தத் துண்டின் பொருளைச் சொல்லும் அதிகாரம் இல்லை. அது மாஸ்டரின் கையெழுத்து.]

6.

வெள்ளிக்கிழமை விடிய ஆவி கனமாக இருந்தது. இடுப்புவரை ஒருவரும் இல்லை. மேலே பெல்ட்டுகள் மட்டும் வரிசையாக மிதந்தன.

மஞ்சள் வரிசை கட்டா செய்தது. [கட்டா: அடியும் தடுப்பும் ஒழுங்கு மாறாமல் செய்வது. எதிரே ஆள் இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எழுதுவதும் இதுதான் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மீராசா எதிரியை நினைக்கவில்லை. மற்ற ஏழு பேரைப் பார்த்தான். இவர்களில் யார்? காரைதீவிலிருந்து வரும் குணம் மூன்றாவது திருப்பத்தில் இடக்காலுக்குப் பதில் வலக்காலை வைத்தான். மீராசாவுக்குச் சந்தோசம் வந்தது. வயிற்றிலிருந்து வந்தது, சூடாக, சாப்பாடு போல.

"காக்கா," என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர்."

"கண் எங்க?"

"இஞ்சதான்."

"இஞ்ச இல்ல. குணத்திர கால்ல நிக்கிது. எடுத்துக்கிட்டு வாங்க."

வரிசை சிரித்தது. குணமும் சிரித்தான். பிறகு கீழே பார்த்து, காலை மாற்றி வைத்தான். மீராசா மட்டும் சிரிக்கவில்லை. தன் கைகள் இடுப்பில் இல்லை என்பதை அப்போதுதான் கண்டான். அவை முன்னால் நீண்டு, இல்லாத ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தன.

7.

சனிக்கிழமை காலை சாயம் வைத்தான். நீலச் சாயம் தொட்டிக்குள் நீலமாக இருக்காது. வெளிறிய மஞ்சளாகக் கிடக்கும். மஞ்சள் நாடாவை முக்கினால் உள்ளேயும் அது மஞ்சள்தான். வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகே, விளிம்பிலிருந்து, மறந்துபோன ஒன்று நினைவுக்கு வருவது போலப் பச்சை வரும். முப்பது வருடமாகப் பார்க்கிறான். இன்னும் நின்று பார்ப்பான்.

ஏழு பெல்ட்டும் கொடியில் பச்சையாகின. மஞ்சள் நாடா இன்னும் ஒரு பெல்ட் அளவு மிஞ்சியிருந்தது.

இங்கே நான் பல நாள் நின்றேன். எழுதிப் பார்த்தவை:

அவன் முக்கவில்லை. ஞாயிறன்று மாஸ்டர் எட்டுப் பெயர் கூப்பிடுகிறார். எட்டாவதுக்குப் பெல்ட் இல்லை. "சாயக்காரன்ட பெல்ட்டயும் நான் எண்ணுறதா காக்கா?" எல்லோரும் சிரிக்க, வெறும் இடுப்போடு மீராசா. (வாசிக்க இதமாக இருந்தது. இதமே சந்தேகம் தந்தது.)

முக்கினான். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனான். ஏழு பெயர்தான். பச்சையைத் திரும்ப மஞ்சளாக்க ஒரு சாயமும் இல்லை. (அவன்மேல் கோபமாக இருந்த அன்று எழுதியது.)

ஏழு பெயரில் அவன் பெயர் இருக்கிறது. குணத்தின் பெயர் இல்லை. (எழுதி முடித்தபோது எனக்கும் வயிற்றிலிருந்து சந்தோசம் வந்தது. கிழித்துவிட்டேன்.)

இந்த மூன்றிலும் மீராசா காத்திருக்கிறான். மாஸ்டருக்குத் தெரிய ஒன்றும் செய்யவில்லை. நான்காவது முறை அவனை என் போக்குக்கு இழுக்காமல் விட்டுப் பார்த்தேன்.

அவன் நாடாவை வெட்டினான். எட்டாவதை முக்கினான். எடுத்து உதறி, ஏழுக்கும் நடுவில் கொடியில் போட்டான். ஒளிக்கவில்லை. சற்று நேரத்தில் எது எட்டாவது என்று அவனுக்கே தெரியவில்லை.

"பொய்யா எண்ணிட்டான் எண்டு மாஸ்டர் நெனச்சா?" என்றாள் அஸீஸா.

"நெனக்கட்டும். நான் கேக்கவும் இல்ல, களவெடுக்கவும் இல்ல. அவர் எழுதித் தந்தார். நான் முக்கிக் குடுக்கிறன்."

8.

ஞாயிறு. குடும்பங்கள் இன்னும் வரவில்லை. ஆவி மட்டும் வந்திருக்கிறது. மீராசா வெள்ளை உடுப்பில், பழைய மஞ்சள் பெல்ட்டோடு, மூட்டையை மாஸ்டரின் கையில் கொடுக்கிறான்.

"எல்லாம் இரிக்கா காக்கா?"

"எண்ணிப் பாருங்க மாஸ்டர்."

நல்லரெத்தினம் அவனை ஒருமுறை பார்க்கிறார். சீமெந்தில் குந்தி மூட்டையை அவிழ்க்கிறார். மஞ்சள் பதினொன்று. மண்ணிறம் இரண்டு. சரி. பிறகு பச்சையை ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் போடுகிறார். அவர் உதடு அசைகிறது. ஆவி அவர் தோள்வரை ஏறியிருக்கிறது.

அவருக்கு அந்தத் தெருவின் வழக்கம் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்லிவிடுவார்.

ஐந்து. ஆறு. ஏழு.

மூட்டைக்குள் இன்னும் ஒன்று கிடக்கிறது. அவர் கை அதன்மேல் நிற்கிறது.

மீராசா தன் வரிசைக்குப் போய், கைகளைப் பொத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கால்கள் தெரியவில்லை. கைகள் நீலமாக, அசையாமல் இருக்கின்றன. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன. நானும் பேனையை வைத்துவிட்டேன்.

அந்தப் பெல்ட்டை இனி நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். முறைப்பது போல இருக்கும். மூஞ்சி அப்படி.